கமிட்டி விஷயம்

என் மனைவி சபைக் கமிட்டிக்குத் தேர்வான ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, துக்கம் விசாரிப்பது போல என் தோளைத் தட்டினார்கள்.

காரணம் இருந்தது. அவள் உட்காரப்போவது நான் உட்கார்ந்த நாற்காலி. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் கமிட்டியில் இருக்கக் கூடாது என்பது எங்கள் சபை விதி. அந்த விதி வந்தபோது முதலில் கை தூக்கியவனே நான்தான். வேறொருவரை வெளியே அனுப்பத் தூக்கிய கை, என்னையே வெளியே தள்ளிவிட்டது. போகட்டும், என் இடத்துக்கு யாராவது நல்லவர் வரட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்காக என் வீட்டிலிருந்தா வரவேண்டும்?

நான் எலெக்ட்ரீஷியன். ஆலயத்து மைக் செட் முழுக்க என் கைவேலை. கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு மேஜை, அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் சோதித்துப் பார்க்க ஒரு மைக். ஆராதனை தொடங்கி முடியும்வரை நான் அங்கேதான். கமிட்டி கைவிட்டுப் போன பிறகு சபையில் எனக்கென்று மிஞ்சியது அந்த மேஜை ஒன்றுதான்.

கமிட்டியில் இருந்த காலத்தில், கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் இவள் ஆவலாக வாசலுக்கே வந்து, "என்ன பேசினீங்க?" என்பாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அது கமிட்டி விஷயம்மா. வெளிய சொல்லக்கூடாது," என்பேன். சொல்லும்போது ஒரு சுகம் இருக்கும். அதை இப்போது அவள் அனுபவிக்கிறாள், நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வெளியே காத்திருந்து, கூட்டிக்கொண்டு வருகிறேன்.

"நம்ம செயலாளர் இருக்காரே, அந்தப் பல் டாக்டர், என்ன தமாஷா பேசறார் தெரியுமா!" என்றாள் ஒருநாள்.

"அப்படி என்ன தமாஷ்?"

"கமிட்டி விஷயம்ங்க."

கல்யாணமான நாளிலிருந்து நானும் தமாஷ் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாளாவது அடுத்த வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாளா? அந்த டாக்டர் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிறவர், என் வீட்டுக்காரி வாயை மட்டும் ஏன் இத்தனை கெட்டியாக மூடிவைத்தார்?

அதோடு விட்டாரா? மைக் செட் பழசாகிவிட்டதாம், கடைசி வரிசைக்கு ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லையாம், கம்ப்யூட்டரில் ஓடும் புது செட் வாங்கி ஒரு படித்த பையனை உட்காரவைக்க வேண்டுமாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அதுதான் பேச்சு என்று என் காதுக்கு வந்தது.

"நீ எந்தப் பக்கம்?" என்று போகும் வழியில் கேட்டேன்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

அதற்கு மேல் பொறுமை இல்லை. கூட்டம் நடப்பது பீடத்துக்குப் பக்கத்து அறையில். அங்கேயும் நான் மாட்டிய ஸ்பீக்கர் ஒன்று உண்டு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மைக் வயர் சொருகும் இடத்தில் சொருகினால், அதுவே மைக் ஆகிவிடும். பேச வேண்டியது கேட்கும். தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். அவர்கள் கதவைச் சாத்தியதும் மேஜைக்குப் போனேன். ஆலயத்து ஸ்பீக்கர்களை எல்லாம் அணைத்தேன். அவசர அவசரமாக ஒரு வயரைப் பிடுங்கிச் சொருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஒரு காக்கா கத்தியது. பிறகு யாரோ பைக்கை உதைத்தார்கள்.

கூட்டத்துக்குள் காக்கா எப்படி வந்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. லைன் சரியில்லை என்று வயரை ஆட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைப் புலம்பினேன். "என் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு என் செட்டையே தூக்கிப் போடப் போறா. அந்தப் பல்லுக்காரன் சொன்னா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு! வீட்ல நான் சொன்னா 'ம்'. என்னைப் பார்த்து அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

பீடத்துப் பக்கத்துக் கதவு திறந்தது. முதலில் பல் டாக்டர் வந்தார், பின்னால் போதகர், அவருக்குப் பின்னால் மொத்தக் கமிட்டியும். என் மனைவி கடைசியாக வந்தாள். அவள் முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது.

"அண்ணே, அந்த மைக்கை அணைச்சிடுங்க," என்றார் டாக்டர்.

அப்போதுதான் பார்த்தேன். சோதனை மைக் என் வாய்க்கு எதிரே திறந்தே கிடந்தது. அறை வயர் என்று நினைத்து நான் பிடுங்கியது வாசல் ஸ்பீக்கர் வயரை. அறை ஸ்பீக்கர் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"ஒரு எழுத்து விடாம கேட்டுச்சுண்ணே," டாக்டர் என் தோளில் கை போட்டார். "இவ்வளவு தெளிவான செட்டைப் போய் மாத்தணும்னு சொல்லிட்டேனே. ஓட்டுக்கு விட்டோம். இதுவே இருக்கட்டும்னு நானும் கை தூக்கிட்டேன். ஒரே ஒருத்தர்தான் தூக்கலை."

போதகர் இருமினார். வாய் தவறிக் கமிட்டி விஷயத்தை வெளியே விட்டுவிட்டது டாக்டருக்கும் உறைத்திருக்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நழுவினார்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். என்னால் அடக்க முடியவில்லை. செட் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் அந்தத் தூக்காத கையே கண்ணுக்குள் நின்றது.

"யாரு அந்த ஒருத்தர்?"

"கமிட்டி விஷயம்."

சிக்னலில் நின்றோம். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவள் என் தோளுக்குப் பக்கம் குனிந்தாள்.

"நான்தான். புதுசு வந்தா அதை அந்தப் பையன் பார்த்துக்குவான், நீங்க என் பக்கத்துல வந்து உட்காருவீங்கன்னு நினைச்சேன். எல்லாரும் குடும்பத்தோட உட்கார்ந்திருக்காங்க, நான் மட்டும் மூணாவது வரிசையில தனியா. அந்த டப்பாவைப் பார்த்து எனக்கு எத்தனை வருஷப் பொறாமை தெரியுமா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். தூணிலிருந்து மூன்றாவது வரிசைக்கு மேஜையைக் கொண்டுபோக எவ்வளவு வயர் வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இழுத்துவிடலாம். அங்கே உட்கார்ந்தால் முதல் வரிசையில் உட்காரும் அந்தப் பல் டாக்டர் மேலும் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.