ஏழு டிரைவர்கள் கையெழுத்துப் போட்ட நோட்டு

சலூன்காரர் ரசம் போன கண்ணாடியை மாற்றக் கழற்றினார். முதுகுப் பலகைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு பழைய ரூபாய் நோட்டு விழுந்தது. இன்றைக்கு எந்தக் கடையில் நீட்டினாலும் சிரிப்பார்கள். அதன் மேல் ஏழு கையெழுத்துகள்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். போருக்குப் போன சிப்பாய்களுக்குள் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பிரியப் போகிறோம் என்று தெரிந்தால் ஆளுக்கொரு நோட்டை எடுப்பார்கள். கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் எல்லா நோட்டிலும் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு எந்த ஊரில் சந்தித்தாலும் அதைக் காட்ட வேண்டும். காட்டாதவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சலூன்காரரின் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். நோட்டு தொலைந்துவிடக் கூடாதென்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறார், பாவம்.

ஏழில் அவர் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. மற்ற ஆறும் ஈரம் பட்டு, கோழி கிளறிய மண் மாதிரி. நல்லவேளையாக, அந்த ஏழு பேரின் பெயரையும் கல்லில் செதுக்கக் கிளம்பிய ஊர்ப் போர்வீரர் நினைவுக்கல் கமிட்டியிலும் சரியாக ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"இந்தச் சுழி இருக்கு பாருங்க, இது எங்க தாத்தா போடுற சுழி" என்றார் கமிட்டி சேர்மன். அவருடைய தாத்தா போர்க்காலம் முழுக்க மருந்துக்கடைக் கல்லாவை விட்டு எழுந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சேர்மன் சொல்லும்போது மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் சொல்லும்போது சேர்மன் தலையாட்ட வேண்டுமே!

ஊர்த் தையற்காரம்மா அந்தச் சுழியைப் பார்த்ததும் அது தன் அப்பாவுடையது என்று கண்டுகொண்டாள். அவளுடைய அப்பாவை ஊரில் 'டுமீல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துக்குப் போனேன் என்பார். பதக்கமும் கிடையாது, காகிதமும் கிடையாது. "நான் கையெழுத்துப் போட்ட நோட்டு எங்கேயோ இருக்கு" என்பார். "ஆமா, டுமீல்!" என்று டீக்கடையே சிரிக்கும். கடைசியில் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். விட்ட வருஷமே போய்ச் சேர்ந்தார். மகளுக்கு அறுபது வயதாகியும் அவள் பேர் 'டுமீல் பொண்ணு'தான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அப்பா பேர் அந்தக் கல்லில் இருக்க வேண்டும்.

தன் மூன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கமிட்டிக்கு ஓடினாள். அடியில் அப்பா போட்ட கையெழுத்து, அதே சுழி.

சேர்மன் மூக்குக்கண்ணாடியை மாட்டி அட்டையைப் பார்த்தார். "கணக்குல முப்பத்தி ரெண்டுதானாம்மா?"

"கையெழுத்தைப் பாருங்க ஐயா."

"பார்த்தேன். ஆனா இது ராணுவ ஆவணம் இல்லையே. எங்க தாத்தாவுக்குக் குடும்ப சாட்சியம் இருக்கு."

"யார் சாட்சி?"

"நான்தான்!"

கல்தச்சர் ஏழு பேரைச் செதுக்கி முடித்தார். சலூன்காரரின் அப்பாவோடு ஆறு தாத்தாக்கள். கல்லுக்கு நீலத் துணி போர்த்தினார்கள். சேர்மன் அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். மேடைக்குப் பின்னால் அந்த நோட்டைப் பெரிதாக்கி வைக்கச் சொன்னார். ஸ்டூடியோக்காரரும் விசுவாசமாக அதைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கிவிட்டார்.

கண்ணுகளா, சிறிதாக இருக்கும்வரை தெரியாத சங்கதி எத்தனை! நோட்டின் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது, கதவு அகலத்தில் பளிச்சென்று தெரிந்தது.

சேர்மனுக்கு ஒரே உற்சாகம். "நம்ம வீரர்கள் வருங்காலத்துக்குச் செய்தி எழுதி வெச்சிருக்காங்க! நூலகத்து அம்மா, மைக்குல சத்தமா வாசிங்க!"

நூலகத்து அம்மா எதையும் வாசிக்கக் கொடுத்தால் கடைசிவரை வாசிக்கிறவள். வாசித்தாள்:

"நாளைக்கு லாரி ஏழும் ரிப்பேர் என்று சொல்வோம். ஆற்றைத் தாண்ட மாட்டோம். யார் அடித்துக் கேட்டாலும் எல்லோருக்கும் ஒரே பதில். சம்மதித்தவர்கள் கையெழுத்து."

மைக் கொய்ங் என்றது.

முதலில் சுதாரித்தவர் ரைஸ்மில்காரர். "எங்க தாத்தாவுக்கு லாரியே ஓட்டத் தெரியாதே!" என்றார். "எங்க தாத்தாவுக்குக் கையெழுத்தே போட வராது, கைநாட்டுதான்" என்றார் இன்னொருவர். சேர்மன் கல்தச்சர் பக்கம் திரும்பி, "யாரைக் கேட்டுய்யா எங்க தாத்தா பேரைப் போட்டே?" என்று பாய்ந்தார்.

"நீங்க எழுதிக் கொடுத்த சீட்டு இதோ பையிலயே இருக்குங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தையற்காரம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப அந்தச் சுழி இப்ப யாரோடது?"

மேடைக்கு நடந்துபோய் அந்தச் சுழியின் மேல் விரலை வைத்தாள்.

"யாருக்கும் வேணாம்னா எங்க அப்பாவுக்குக் குடுத்துடுங்க."

"இது பெருமைப்படுற விஷயமாம்மா?" சேர்மன் குரலைத் தாழ்த்தினார். "பயந்து பொய் சொன்னவங்க."

"பயந்தாங்க. நீங்க பயப்பட மாட்டீங்களா? அன்னிக்கு ஆத்தைத் தாண்டியிருந்தா எனக்கு அப்பாவும் இல்ல, நானும் இல்ல. உங்க பேத்தி கல்யாணத்துக்கு யார் துணி தைச்சிருப்பா?"

"எங்க அப்பா பேரும் இருக்கட்டும்" என்றார் சலூன்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அவர் உசிரோட வந்ததாலதான் ஐயா தலைக்கு நான் மை பூசுறேன்."

சேர்மனின் கை தானாகத் தலைக்குப் போனது.

மறுநாள் கல்தச்சர் ஆறு தாத்தாக்களையும் இழைத்து எடுத்தார். கல் கொஞ்சம் மெலிந்துவிட்டது. தையற்காரம்மா பள்ளிச் சீருடைகளைத் தைத்தது தைத்தபடி போட்டுவிட்டு வந்து, எழுத்துக்குக் கோடு போட நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பேருக்கு முன்னால என்னம்மா போடட்டும்? கமிட்டியில 'வீரர்'னு போடக் கூடாதுன்னுட்டாங்க."

அவள் நூலை இழுத்துப் பிடித்தாள்.

"டிரைவர்னு போடுங்கண்ணே. அதை அவர் ஒழுங்காத்தான் செஞ்சார், நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்திட்டார்."