பானையில் ஒரு பிடி கூடுதல்

இன்னாசிமுத்துவின் கைக்குத் தராசு வேண்டாம் என்று ஆரணி ரைஸ்மில் ஆட்களுக்கெல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருசமாக மூட்டை தூக்குகிறவன். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் தோளில் ஏறும்போதே, "ஏய், இது ஏமாத்துதுடா" என்பான். கொண்டுபோய்த் தராசில் வைத்தால் குறைந்துதான் இருக்கும்.

அந்தக் கையை வைத்துத்தான், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்து ஞாயிறுகளில் அவன் வீட்டில் விளையாட்டு. மற்ற நாளில் ஒருவேளை சாப்பாட்டோடு ஒருசந்தி, கறி இல்லாத சுத்தபோசனம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. தலையில் பூ கிடையாது, சினிமா கிடையாது, கருவாட்டு வாசனைகூடக் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மட்டும் கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி. பெரியவள் சாரா அவன் கண்ணைத் துண்டால் கட்டுவாள். பதிமூன்று வயது அவளுக்கு. சின்னவள் செசிலிக்கு ஏழு. அது அகப்பட்டதையெல்லாம் தூக்கிவந்து அவன் கையில் வைக்கும். எடையைத் தப்பாகச் சொன்னால் செசிலியை மூட்டை மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு வீட்டை மூன்று சுற்று சுற்ற வேண்டும்.

"அம்மிக் குழவி. நாலரை."

"அது எப்பவும் நாலரைதான். இத்தச் சொல்லு நைனா."

"இது இன்னா மெத்துமெத்துன்னு... அடிப்பாவி, பூனையா? ஒண்ணே முக்கா. யார் ஊட்லயோ பாலைத் திருடிக் குடிச்சிட்டு வந்துகீது, அதையும் சேத்து ரெண்டு."

செசிலி விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வளவு நேரமும் சாராவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நாலாவது ஞாயிறு அது. செசிலி மாதா படத்துக்குக் கீழே இருந்த பிடியரிசிப் பானையை இழுத்து வந்து அவன் கையில் ஏற்றியதும்தான் சாராவின் சத்தம் நின்றது.

"அத்த ஏன்டி எடுத்த? வை அங்க!"

பிடியரிசி என்பது தவக்காலத்து வழக்கம். அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்குப் போட்டது போக ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று தனிப் பானையில் போட வேண்டும். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் குருத்து ஞாயிறன்று எல்லா வீட்டுப் பானையும் கோயிலுக்குப் போகும். பெரிய வெள்ளியன்று அந்த அரிசி கஞ்சியாகி, வருகிறவர் யாராயிருந்தாலும் குடிக்கலாம். இந்த வருசம் போடுகிற கை சாராவினுடையது. சின்னக் கை. காலையில் ஒரு பிடி, ராத்திரிக்கு ஒரு பிடி. இருபத்தைந்து நாளைக்கு என்ன கிடைக்கும் என்று இன்னாசிமுத்துவுக்குத் தெரியும். பானையோடு சேர்த்து நாலரை.

கையில் ஆறுக்கு மேல் இருந்தது.

துண்டுக்குள்ளேயே அவன் கண் திறந்துகொண்டது. பானையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"சொல்லு நைனா! எவ்ளோ?"

"நாலரை" என்றான்.

"இல்ல, பொய்யி" என்றாள் சாரா. அவள் குரல் தரையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. "உனக்குத் தெரிஞ்சிட்ச்சி. எனக்கு மொதல் வாரமே தெரியும். நான் ஒரு பிடி போட்டா மறுநாளு ரெண்டு பிடி கீது."

"யாரு போடறது?"

சாரா தங்கையை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மாதான்."

*

சாராவின் அம்மா அமலோற்பவம் செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

போன வருசக் குருத்து ஞாயிறன்று பிடியரிசிப் பானையைக் கோயிலுக்குத் தூக்கிப்போக இன்னாசிமுத்துதான் குனிந்தான். தூக்கியதும் கை மேலே போய்விட்டது. அவ்வளவு லேசு. அமலோற்பவத்தின் கை பெரிய கை, அள்ளினால் அரைப்படி வரும் என்று கேலி செய்வான். அந்தக் கை நாற்பது நாள் போட்ட பானையில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது.

"எங்கடி அரிசி?" என்று கேட்டான். அவள் பேசவில்லை. இன்னொரு தரம் கேட்டான். பேசவில்லை. இரண்டு பிள்ளைகளும் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தன. "சாமி அரிசியத் திருடித் தின்னவளே" என்று கத்தி, அள்ளிப் போடுகிற அவள் கையிலேயே ஓங்கி அடித்தான். தெருவே கேட்டிருக்கும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, லேசான பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அங்கே எல்லார் முன்னாலும் அதைக் கொட்டினாள்.

அதற்கப்புறம் அவளோடு சரியாகப் பேச வாய்க்கவில்லை. வெயில் காலத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், ஒன்பதாவது நாள் முடிந்துவிட்டாள். பெட்டியை நாலு பேரில் ஒருவனாக இவனும் தூக்கினான். பெட்டியோடு சேர்த்தும் ஒரு மூட்டைக்கு வரவில்லை. எத்தனையோ பாரத்தை இறக்கியிருக்கிறான். எடையே இல்லாத அது மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. மில்லில் மூட்டையை எடுக்கும்போது சில சமயம் முதலில் அதுதான் ஏறும், மூட்டை அதற்கு மேலே ஏறும்.

"உத்தரிக்கிற ஸ்தலம் கீது இல்ல நைனா" என்றாள் சாரா. "செஞ்ச பாவத்துக்கு ஈடு கட்டி முடிக்கிற வரைக்கும் அங்க நெருப்புலதான் இருக்கணும். ஞானோபதேச வகுப்புல சொன்னாங்க. அம்மா சாமி அரிசிய எடுத்துட்டாங்க. அதான் தினம் ஒரு பிடி எடுத்தாந்து போடறாங்க. போட்டு முடிச்சாதான் உடுவாங்க."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"செசிலிக்கு அம்மை போட்டு பள்ளிக்கூடம் போகல இல்ல? அன்னிக்கி மத்தியானம் மூடி சத்தம் கேட்டுச்சாம். 'அம்மா'ன்னு கூப்ட்டுச்சாம். பதில் இல்லியாம். எழுந்து போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்ல, மூடி மட்டும் ஆடிக்கினு இருந்துச்சாம்." சாரா கண்ணைத் துடைக்கவில்லை. "நான்கூட நெறைய போடறேன் நைனா, சீக்கிரம் முடியட்டும்னு. என் சோத்துலேர்ந்து."

அப்போதுதான் அவன் மகளின் கையைப் பார்த்தான். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று மில்லில் சொல்லிவிட்டு அவன் பாதியில் திரும்பி வந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். முன்கதவை வெளியில் பூட்டியபடியே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நுழைந்து, அடுப்படி மூலையில் சாக்குக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தான். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு எல்லப்பனின் தறி. மத்தியானம் ஆக ஆக ஒவ்வொன்றாக நின்று, சாப்பாட்டு நேரத்தில் ஒரே அமைதி. அந்த அமைதியில் வியர்வை வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அமலோற்பவம் வந்தால் என்ன கேட்பது? இரண்டு நாளாக அதை யோசித்திருந்தான். எதுக்குடி எடுத்த என்று கேட்பதா, காலில் விழுவதா? நெருப்பு சுடுதா என்று கேட்பதா? பயமாக இருந்தது நிசம். ஆனால் வரவேண்டும் என்றுதான் இருந்தது. எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி.

பின்கதவு கீச்சிட்டது. வளையல் சத்தம். மூடி எடுக்கிற சத்தம். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பானைக்குள் இறங்கியது. அரிசி அரிசிமேல் விழுகிற சத்தம் சின்னதாகக் கேட்டது.

எல்லப்பனின் பெண்சாதி தேவகி.

அமலோற்பவம் இல்லையே என்றுதான் முதலில் அவனுக்குத் தோன்றியது. அதற்கப்புறம்தான் கோபம் மாதிரி ஏதோ வந்தது. எழுந்து நின்றான்.

தேவகி அலறப் பார்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அண்ணே... நீங்க மில்லுக்குப் போவல?"

"எங்க ஊட்டுப் பானையில உனுக்கு இன்னாம்மா வேலை?"

அவள் சுவரைக் காட்டி, "மெதுவா பேசுங்க" என்றாள். "அவரு சாப்ட்டுட்டு படுத்துகீறாரு." பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன வருசம் ஒரு மாசம் பாவுக்குப் பட்டு வரல, தறி நின்னுட்ச்சி, ஞாபகம் கீதா? ஊட்ல குந்துமணி அரிசி இல்ல. அவரு யார்கிட்டயும் கை நீட்ட மாட்டாரு. நான் கேட்டேன்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே நாண்டுகினு தொங்கிடுவாரு. அக்கா மூஞ்சப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாங்க. இந்தப் பானைலேர்ந்து அள்ளி என் மடில கொட்டினாங்க. 'சாமி அரிசி வேணாங்கா'ன்னேன். 'ஏழைங்களுக்குத்தான்டி வெச்சிகீது, நீ இன்னா ஜமீன்தாரா?'ன்னு சிரிச்சாங்க."

அந்தச் சிரிப்பு இன்னாசிமுத்துவுக்குத் தெரியும். பத்து மாதத்துக்கப்புறம் அது அந்த அடுப்படியில் கேட்ட மாதிரி இருந்தது.

"என்கிட்ட சொல்லிகலாமே!"

"உங்ககிட்டயா?" தேவகி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க டீக்கடை பெஞ்சில சொல்லுவீங்க. அக்காதான் சொன்னாங்க. 'அந்த மனுசனுக்கு மூட்டை நிக்கும், வாயி நிக்காது'ன்னு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தாங்க."

அவன் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

"அன்னிக்கி நீங்க அடிச்சது எனக்குக் கேட்டுச்சிண்ணே. சுவத்துல காத வெச்சிகினு இருந்தேன். போயி சொல்லுன்னு மனசு அடிச்சிகிச்சி. அவரு பக்கத்துல குந்திகினு, 'பாவம், நல்ல பொம்பளைன்னு நெனச்சேன், இப்படிப் பண்ணிடுச்சே'ன்னாரு. அந்த அரிசிக் கஞ்சியத்தான் குடிச்சிகினு சொன்னாரு." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா போனப்புறம் ஒரு நாளும் தூக்கம் இல்ல. அதான் வாங்கினத பிடி பிடியா திருப்பிப் போடறேன். அன்னிக்கி உங்க சின்னது 'அம்மா'ன்னு கூப்ட்டுச்சி. ஓடிட்டேன். இன்னும் காதுலயே நிக்குது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "புள்ளைங்ககிட்ட நானே வந்து சொல்லிடறேன். அவரு இன்னா ஆவறாரோ ஆவட்டும். அக்காவுக்கு அந்தப் பேரு வேணாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லப்பன் இருமினான். கட்டில் அசைந்தது. தேவகி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை, அவன் பதிலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்மா" என்றான் இன்னாசிமுத்து. "அவ குடுத்த சத்தியம். நீ போ. ஜல்தியா போ."

*

சாயங்காலம் பிள்ளைகள் இரண்டையும் எதிரில் உட்காரவைத்தான். என்ன சொல்வதென்று மத்தியானத்திலிருந்து தேடியிருந்தான். தேவகி பேரைச் சொன்னால் அமலோற்பவத்தின் சத்தியம் பொய்யாகும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் மனசில் அவள் நெருப்பில் கிடப்பாள். சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு வழிதான் இருந்தது.

"போன வருசம் பானை அரிசிய எடுத்தது உங்கம்மா இல்ல" என்றான். "நான்தான்."

செசிலி வாயைத் திறந்தபடி பார்த்தது. சாரா கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்கு?"

"சாராயத்துக்கு. வித்துட்டேன்."

"அப்ப அம்மாவ ஏன் அடிச்ச?"

அதற்கு அவன் பதில் யோசித்து வைக்கவில்லை. "பயம்" என்றான். வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"அம்மா ஏன் சொல்லல?"

"என்னக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு. உங்களுக்கு அப்பன்னு ஒருத்தன் நல்ல பேரோட இருக்கட்டும்னு."

"இப்ப அரிசி போடறது?"

"நான்தான். எடுத்தத திருப்பிப் போடறேன்."

சாரா ஒவ்வொன்றையும் எடுத்துக் கோர்ப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. "அதான் ஞாயித்துக்கிழமை பானையக் கையில குடுத்ததும் மூஞ்சி செத்துப்போச்சா? அதான் நாலரைன்னு பொய் சொன்னியா?"

"ஆமா."

அவன் சொன்ன பொய்க்கு அவளே முட்டுக் கொடுத்துவிட்டாள். இனி யார் வந்து நிசத்தைச் சொன்னாலும் அது நிற்காது.

"அப்ப அம்மா நெருப்புல இல்லியா?" என்று கேட்டது செசிலி. வெளியே அனுப்பியும் அன்றைக்கு அது ஒட்டுக்கேட்டிருக்கிறது.

"இல்லம்மா. என்னிக்கும் இல்ல."

"மோட்சத்துலயா கீறாங்க?"

"ஆமா."

செசிலி எழுந்து வாசலுக்கு ஓடிப் பக்கத்துப் பிள்ளைகளோடு பாண்டி ஆடத் தொடங்கிவிட்டது. அதன் கால் தரையில் விழுகிற சத்தம் உள்ளே கேட்டது. சாரா அழுதாள். முதலில் நிம்மதியில்தான் அழுதாள், அது அவனுக்குப் புரிந்தது. அப்புறம் அழுகை நின்றது. அவனைப் பார்த்தாள். போன வருசம் இதே வீட்டில் தன் பெண்சாதியை அவன் அப்படித்தான் பார்த்திருப்பான்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து சாரா சோற்றுத் தட்டை அவன் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துத் தள்ளினாள். அவளும் வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் தன் தட்டை இழுத்துக்கொண்டான்.

*

குருத்து ஞாயிறன்று பானை கழுத்துவரை ஏறியிருந்தது. பார்த்தாலே தெரிந்தது, ஒன்பது கிலோவுக்குக் குறையாது. இன்னாசிமுத்து துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு குனிந்தான்.

"தொடாத" என்றாள் சாரா.

"கனக்கும்மா. கோயிலு தூரம்."

"நீ தொடாத நைனா."

அவளே தூக்கினாள். பத்து அடிக்கு ஒரு தரம் இடுப்பு மாற்றினாள். செசிலி குருத்தோலையை வாள் மாதிரி வீசிக்கொண்டு முன்னால் குதித்துப் போனது. இருபத்திரண்டு வருசம் பாரம் சுமந்தவன் வெறும் கையோடு பின்னால் நடந்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒருதரம் சாரா தடுமாறியபோது அவன் தோள் தானாகக் குனிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னலில் தறியில் உட்கார்ந்தபடியே எல்லப்பன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான், அநியாயமா கீதே! பொண்ணு இடுப்பொடியத் தூக்கிகினு போது, நீ மாப்ள மாதிரி கை வீசிகினு போற!"

உள்ளே தேவகி நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினம் நின்றது.

"பொண்ணுக்கு வேண்டுதல் மச்சான்" என்றான் இன்னாசிமுத்து. "அவங்கம்மா பேருல."

"அப்ப சரி. போய்ட்டு வா, போய்ட்டு வா."

ராட்டினம் திரும்பச் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று நாலு வீடு தாண்டும்வரை அவன் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தான். கேட்கவில்லை. முன்னால் சாரா பானையை மறுபடி இடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.