மழைக்கு முன் முதல் பாகம்

சோசம்மா சேச்சி புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரு குறையாவது சொல்லித்தான் தருவார். கதாநாயகிக்கு மீன் கழுவத் தெரியவில்லை, நானூறு பக்கத்தில் ஒருவரும் ஒருவேளைகூடக் கஞ்சி குடிக்கவில்லை, இப்படி ஏதாவது. அன்று செவ்வாய்க்கிழமை, மழை தொடங்கும் இடவ மாதத்தின் இரண்டாவது வாரம். படகுத்துறைக்கு இறங்கி வந்து புத்தகத்தை என் கையில் வைத்தவர் குறை எதுவும் சொல்லாமல் நின்றார். வாய்க்காலின் அக்கரையில் அவர் கணவர் பீலிப்போஸ் சேட்டன் நீளக் கழியை நீட்டி வாத்துகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். சேச்சி அவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிரசன்னா, இனிமே எனக்கு ஒத்தைப் புஸ்தகமா பாத்துக் குடு மோளே. ஒரே புஸ்தகத்துல முடியணும். தொடர் வேண்டாம். அவரு கேட்டாலும் குடுக்காத.”

எங்கள் வாசகசாலையின் புத்தகங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. பதினாறு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் தோளில் பையோடு அரசுப் படகிலும், படகு போகாத இடத்துக்கு வள்ளத்திலும், வள்ளம் போகாத இடத்துக்கு வரப்பிலும் போய்வருகிறேன். ஒவ்வொரு வீட்டுத் துறையிலும் ஒரு கம்பம் உண்டு, கம்பத்தில் ஒரு பை தொங்கும். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் படித்த புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு புதியதைப் போட்டுவிட்டு வருவேன். பை தொங்கினால் அந்த வீட்டில் படிக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் சேர்ந்தபோது அறுபத்தொரு பைகள் இருந்தன. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு சங்ஙனாச்சேரிக்கும் கோட்டயத்துக்குமாக ஒவ்வொரு குடும்பமாக மேட்டுப் பக்கம் போனார்கள். இப்போது முப்பத்து நான்கு.

மழைக்கு முன்னால் தொடர் நாவல் கொடுப்பதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. ஒரு வருஷம் யோசிக்காமல் ஐந்து வீடுகளுக்கு ஒரு துப்பறியும் தொடரின் வெவ்வேறு பாகங்களைக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே ஆற்றுத் தண்ணீரைத் தடுக்கும் வயலின் வெளிக்கரை உடைந்தது. படகு நின்றது. மூன்றாம் பாகம் ஒரு வீட்டு மாடியில், நான்காம் பாகம் காயலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டுப் பரணில். நாற்பது நாள் எனக்கு வராத போன் இல்லை. முகாமிலிருந்து ஒரு அம்மா, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று சொல்லிவிட்டு, “அது கெடக்கட்டும் மோளே, வைத்தியரைக் கொன்னது யாரு?” என்று கேட்டார். அதிலிருந்து இடவம் பிறந்ததும் தொடர்களை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவேன். தண்ணீர் இறங்கும்வரை எல்லோருக்கும் ஒற்றைப் புத்தகந்தான்.

ஆனால் சேச்சி சொன்னது மழைக்காலத்துக்கு மட்டுமாகத் தோன்றவில்லை. அந்த வீட்டில் உறுப்பினர் அட்டை சேச்சியின் பெயரில் இருந்தாலும் படிப்பது இரண்டு பேருக்காக. சர்க்கரை வியாதியில் சேட்டனின் பார்வை மங்கிப் பல வருஷம் ஆகிறது. மத்தியானம் சாப்பிட்டதும் சேச்சி முன்வாசலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். சேட்டன் கால்நீட்டி உட்கார்ந்து, வலை பின்னியபடியோ தலையைச் சொறிந்தபடியோ கேட்பார். இதில் அவர்களுக்குள் தீராத ஒரு வழக்கு உண்டு. சேச்சிக்கு ஒரே புத்தகத்தில் கதை முடிய வேண்டும். சேட்டனுக்கு முடியவே கூடாது. “இருநூறு பக்கத்துல முடிஞ்சு போற கதை, சாயா வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போற விருந்தாளி மாதிரிடீ” என்பார் அவர். “உங்க தொடர்ல வர்ற ஆளுங்க மூணு மாசமா நம்ம வீட்டுலயே குடியிருக்காங்க மனுஷா. ஒருத்தராவது ஒரு குடம் தண்ணி எடுத்து வச்சாங்களா?” என்பார் இவர். கடைசியில், மழைக்காலம் போக மற்ற நாளில், ஒரு ஒற்றைப் புத்தகம், அடுத்து ஒரு தொடர் என்று மாற்றி மாற்றி வாங்குவதாக ஒப்பந்தம். பன்னிரண்டு வருஷமாக அது மீறப்படவில்லை. தண்ணீர் இறங்கியதும் வரும் முறை சேட்டனுடையது. மலைக்காட்டில் மரம் வெட்டித் தெப்பமாகக் கட்டி ஆற்றில் இறக்கும் ஒரு குடும்பத்தின் கதை, எட்டுப் பாகம், வாசகசாலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வந்தால் முதலில் அவருக்குத்தான் என்று சேட்டனிடம் சொல்லியிருந்ததால் அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

“ஏன் சேச்சி? அவரோட முறையாச்சே?” என்றேன்.

“என் மகன் ஜோமோன் டவுன்ல, காக்கநாட்டுல வீடு வாங்கிட்டான். ஒம்பதாவது மாடி. ஓணம் கழிஞ்சு ரெண்டு பேரும் வந்துடறோம்னு அவங்கிட்ட சொல்லிட்டேன்.” அக்கரையைப் பார்த்தபடி, “அவர்கிட்ட இன்னும் சொல்லலை” என்றார்.

சேச்சியே தொடர்ந்தார். “பெரிய வெள்ளத்தப்போ கழுத்துத் தண்ணில நின்னு வாத்துக்கூட்டைத் தொறந்து விட்டுட்டிருந்தாரு. கடைசி வாத்து வெளிய வந்தப்புறந்தான் வள்ளத்துல ஏறினாரு. நான் வள்ளத்துல உக்காந்து தண்ணிக்கு மேல அவர் தலையை மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால ஆகாது பிரசன்னா. எட்டு பாகத்தை ஆரம்பிச்சு வச்சா, பாதில எந்திரிச்சு வர்ற ஆளா அவரு?”

அக்கரையிலிருந்து சேட்டன், “எடீ, அங்க என்ன குசுகுசுப்பு? வாத்து முட்டை வெலையா?” என்று கத்தினார். சேச்சி படியேறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது வானம் கறுத்துக் கிடந்தது. என் தோள்பைக்குள் மெலிசான ஒரு நாவலும் எட்டில் முதல் பாகமும் இருந்தன. இரண்டையும் ஏன் எடுத்துவந்தேன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அட்டைக்காரர் சொன்ன சொல் ஒரு பக்கம், சேட்டனுக்கு நான் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அதோடு, முப்பத்து நான்கு பைகள் முப்பத்து மூன்றாவதில் எனக்கிருந்த துக்கமும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை. இரண்டு புத்தகத்தையும் கம்பத்துப் பையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சேட்டன் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

“வா பிரசன்னா. கப்பைக்கிழங்கு இருக்கு, கரிமீன் இருக்கு. எட்டும் வந்துடுச்சாமே?”

“மழை வருது சேட்டா. என் விதி உங்களுக்குத் தெரியுமே.”

“மழை வருஷாவருஷம் வருது. எட்டு பாகம் வருஷாவருஷம் வருதா?”

சேச்சி அடுக்களை வாசலில் கைத்துண்டோடு நின்று என்னையே பார்த்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இரண்டு புத்தகங்களையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். “அட்டை சேச்சியோடது. சேச்சி எடுக்கறதை எழுதிக்கறேன்” என்றேன். அது நேர்மையா கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

சேச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தடியான புத்தகத்தைத் தொடாமல் மெலிசானதை எடுத்தார். சாப்பிட உட்கார்ந்துவிட்ட சேட்டன் மீன்முள்ளை நிதானமாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“அதையே எடுத்துக்கோடீ. மெலிசா இருக்கு. பெட்டில வைக்கச் சுலபம்.”

சேச்சி புத்தகத்தோடு அவர் பக்கம் திரும்பினார்.

“யார் சொன்னது?”

“உன் மகன்தான். போன வாரம் போன் பண்ணி, வாத்து எத்தனை உருப்படி இருக்கு, யாருக்குக் குடுக்கலாம்னு கேக்கறான். எதுக்குடா, ஒம்பதாவது மாடில கூடு கட்டப்போறியான்னேன். லைனை வச்சுட்டான்.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “நீ எங்கிட்ட கேட்டிருக்கலாம் சோசம்மா.”

“கேட்டா வரமாட்டேன்னு சொல்வீங்க.”

“சொல்லுவேன். அப்புறம் வருவேன். வரமாட்டேன்னு சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டாமா எனக்கு?”

சேச்சி தலைகுனிந்து மெலிசான புத்தகத்தின் முனையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். சேட்டன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, மேசைமேல் தடவி முதல் பாகத்தைக் கண்டுபிடித்து அவர் பக்கமாக நகர்த்தினார்.

“இதை வாசி. ஒரே ஒரு பாகம். எட்டும் வேண்டாம். இது முடியற அன்னிக்கு நான் சட்டையை மாட்டிக்கிட்டு உன் பின்னால வரேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிரசன்னாதான் சாட்சி.”

சேச்சி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். நானூற்று ஆறு. மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. ஓணத்துக்கு இன்னும் நாளிருந்தது. மெலிசானதை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, “எழுதிக்க மோளே” என்றார். அந்த விதி வைத்ததிலிருந்து முதல் தடவையாக இடவத்தில் ஒரு முதல் பாகத்தைப் பதிவேட்டில் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. புதன்கிழமை படகு நின்றது. இந்தத் தடவை வெளிக்கரை உடையவில்லை. தண்ணீர் முற்றம்வரை வந்து, படியில் உட்கார்ந்துவிட்டதுபோல நின்றுவிட்டது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து விசாரித்தேன். சேச்சி வீட்டுக்குப் படகு நின்ற பத்தாம் நாள்தான் லைன் கிடைத்தது.

“நல்லா இருக்கோம் மோளே. வாத்தெல்லாம் அடுக்களைக்குள்ள. நான் எங்க சமைக்கறதுன்னு அதுங்ககிட்டதான் கேக்கணும்.”

“புத்தகம் எங்க வரைக்கும் வந்திருக்கு?”

“நூத்திப் பன்னெண்டு.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சேச்சி வழக்கமாக ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் வாசிப்பவர். இந்நேரம் முடித்திருக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

“இந்த மனுஷன் எங்க விட்டாரு? நேத்து வாசிச்சதை இன்னிக்கு மறுபடி வாசிங்கறாரு. மழைச் சத்தத்துல கேக்கலையாம், வாத்துச் சத்தத்துல கேக்கலையாம், தூங்கிட்டாராம். தூங்கினவரு கதைல வர்ற அந்தக் குஞ்ஞாத்தி என்ன சேலை கட்டியிருந்தான்னு சரியா சொல்றாரு.”

“அப்புறம் ஏன் சேச்சி மறுபடி வாசிக்கறீங்க?”

சேச்சி குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டாம் பாகம் அலமாரிலதான் இருக்கா? வேற யாரும் எடுத்துட்டாங்களா?”

“மேல்தட்டுல இருக்கு.”

“சும்மா கேட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அரசுப் படகு இன்னும் ஓடவில்லை. வள்ளக்காரன் தாசப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு மத்தியானத்தில் புறப்பட்டேன். பையில் இரண்டாம் பாகத்தை வைத்திருந்தேன். முதல் பாகம் திரும்பி வராமல் இரண்டாவது வெளியே போகக் கூடாது, அதுவும் என் விதிதான். இருந்தாலும் வைத்திருந்தேன்.

வளைவு திரும்பியதும் கம்பத்தில் பை தெரிந்தது. ஈரத்தில் சுருங்கிக் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை. ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்கு நடுவே வாத்துகள் மறுபடி தண்ணீரில் மிதந்தன. வாசலுக்கும் துறைக்கும் நடுவே முழங்கால் தண்ணீர் நின்றது. முன்வாசலில் சேட்டன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். சேச்சி எங்களைக் கவனிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் கதவோர மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது. அது தண்ணீருக்குப் பயந்து ஏற்றி வைத்ததா, புறப்படுவதற்காக எடுத்து வைத்ததா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

“இறங்கலையா?” என்றான் தாசப்பன்.

“கொஞ்சம் நில்லு.”

அவன் கழியை ஊன்றி வள்ளத்தை நிறுத்தினான். சேச்சியின் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

“‘குஞ்ஞாத்தி ஒரு காலைத் தெப்பத்தின்மேல் வைத்தாள். மற்றக் கால் இன்னும் கரையிலேயே இருந்தது.’”

“எந்தக் கால்டீ?”

“வலது காலுன்னு நேத்தே வாசிச்சேன்.”

“நேத்து மழை. கேக்கலை.”

“இன்னிக்கு மழை இல்லையே மனுஷா.”

“அதனாலதான் கேக்கறேன். இன்னிக்காவது சரியா கேக்கட்டும்.”

சேச்சி விரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கத்தைப் பின்னால் திருப்பினார். பிறகு சேட்டனை ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னொரு பக்கத்தையும் பின்னால் திருப்பினார்.