முகம் எங்களுது, உள்ளே உங்களுது

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஈஸ்வருக்கு முப்பத்து மூன்று வயதில் ஒரே பயம்தான்: அந்தக் கம்ப்யூட்டர் ஓடிவிடுமோ என்று.

இருபத்தைந்து வருடப் பழசு. பழைய டிவி போல எல்லாம் ஒரே கூட்டுக்குள். அவனுடைய நீலப் பெட்டியில் பிக்சர் டியூப் பளிச்சென்று இருந்தது, போர்டு செத்துவிட்டது. சங்ககிரியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் கோகிலவாணியின் பச்சைப் பெட்டி நேர் எதிர். பழைய கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்களின் வாட்ஸப் குழுவில் அறிமுகமாகி, இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க ஐந்து ஞாயிறாக ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். ஓடிவிட்டால் அவள் ஏன் வரப்போகிறாள்?

ஆறாவது ஞாயிறு ஓடிவிட்டது.

"படம் வந்துருச்சுங்க," என்று அவள் திருப்புளியைப் பைக்குள் போட்டாள்.

"ஸ்பீக்கர் இன்னும் பாக்கலைங்களே."

"பாடிட்டுத்தானுங்க இருக்குது."

ஈஸ்வருக்கு அதற்குமேல் சாக்கு கிடைக்கவில்லை. அப்போது அவன் அம்மா ராமாத்தாள் காபியோடு வந்தாள். இரண்டு நாளாக மகனோடு பேச்சில்லை; காரணம் அவனுக்குத் தெரியாது.

"சாமி, உன்ர அண்ணன் என்ன பண்றான்?" என்று கோகிலவாணியிடம் கேட்டாள்.

"எனக்கு அண்ணன் தம்பி யாருமில்லைங்கம்மா."

"பின்ன யாருக்கு எங்க அகல்யாவக் கேக்கறீங்க? முந்தாநேத்துப் போன்ல இவன் உன்கிட்ட சொல்றான், 'மொதல்லயே சொன்னனுங்களே, எங்களுது முகம் நல்லாருக்குங்க, உள்ளதான் ஒண்ணுமில்ல. உங்களுது உள்ள நல்லாருக்குது, முகந்தான் போச்சு. குடுத்து எடுத்துக்கலாம்'னு. கூடப்பொறந்தவளப் பேசற பேச்சா அது? இந்தப் புள்ள முகத்துக்குந்தான் என்ன கொறச்சல்?"

பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம் என்றே ராமாத்தாள் நினைத்துவிட்டாள். கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைக் கைகாட்டினாள்.

ராமாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். காது வரை சிவந்திருந்த மகனைப் பார்த்தாள். புரிய வேண்டியது புரிந்தது.

"அப்ப மாத்திக்க ஒண்ணுமில்ல. இவன மட்டும் சும்மா குடுத்தா எடுத்துக்குவியா?"

கோகிலவாணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "முகம் பரவாயில்லைங்க. உள்ள என்ன இருக்குதுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாக்கோணுங்க, அத்தை."

அந்த நிமிடம் வரை ராமாத்தாள் அவளுக்கு அம்மாதான். 'அத்தை' காதில் விழுந்ததுமே, ராமாத்தாள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் அகல்யாவுக்குப் போன் போட உள்ளே ஓடினாள்.

ஈஸ்வர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிரிச்சுப் பாக்க எத்தன ஞாயித்துக்கெழமை ஆகுமுங்க?"