பாறையோடு வந்த பட்டன்கள்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டு ஹாலில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. அதில் அவர் சீராட்டி வளர்த்தது மீன்களைக்கூட அல்ல, ஒரு பாறையை. கடலுக்கடியில் கிடந்த பாறையை ஈரம் காயாமல் கொண்டுவந்து விற்கிறார்கள். லைவ் ராக் என்று பெயர். அதன் பொந்துகளில் என்னென்ன ஒளிந்து வருகிறதோ அதெல்லாம் இலவச இணைப்பு. வேலை முடிந்து வந்ததும் மனுஷன் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக அதன்முன் உட்கார்ந்துவிடுவார். மனைவி மூக்குக் கண்ணாடியை மாற்றி ஒரு வாரமாகியும் அவர் கண்ணில் படவில்லை. கடுகத்தனை நண்டு மட்டும் எப்படித்தான் பட்டதோ!

ஒருநாள் பாறையின் ஓரத்தில் சட்டை பட்டன் மாதிரி பழுப்பாக நாலைந்து தெரிந்தன. விளிம்பைச் சுற்றிக் குட்டை மயிர்.

"இது சாதுதான், ஒண்ணும் பண்ணாது" என்றார்.

சாது பெருகியது. அவர் ஆசையாக ஒட்டி வைத்திருந்த பச்சைப் பவளத்தை நாலாபுறமும் நெருக்கி அமுக்கியது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் போனில் படம் எடுத்து, "இது என்னன்னு பாருப்பா" என்று மீன்கடைக்காரனுக்கு அனுப்பினார். கடைக்காரன் ஊரில் இல்லை போலும், பதிலே வரவில்லை.

மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்கக் குறடுகளையும் ஊசிகளையும் நீராவியில் போட்டு எடுப்பவள். கொதிநீருக்குத் தப்பிய உயிர் உலகத்திலேயே கிடையாது என்பது அவள் கட்சி.

"பாறையைப் பெரிய பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வைங்க. ஒரேயடியா ஒழியும்."

"வேண்டாம், கடைக்காரன் பதில் போடட்டும்."

"அவன் போடறதுக்குள்ள இது பட்டன் கடையே ஆயிடும். இதுக்கும் ஒரு டாக்டரைக் கூப்பிடணுமா?"

அவளே பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். நாற்றம் ஹாலுக்கு வராமல் சமையலறைக் கதவையும் சாத்தச் சொல்லிவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள்.

பாதித் துணி உதறுவதற்குள் போன் அடித்தது. கடைக்காரன்தான்.

"அக்கா, இப்பத்தான் படத்தைப் பார்த்தேன். அது பாலித்தோவான்னு ஒரு விஷப் பவள ஜாதி. வெறுங்கையால தொட வேண்டாம்னு சொல்லுங்க. முக்கியமா, கொதிக்க மட்டும் வெச்சிடாதீங்க. அந்த ஆவியே விஷம்."

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலறை முழுக்கப் புகையாக ஆவி. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி இருமிக்கொண்டிருந்தார். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பை அணைத்தாள், அவரைத் தரதரவென்று தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு" என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதைச் சுவாசிச்சார்?" என்று கேட்டார்.

"பாறையை."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மறுபடி கடைக்காரனுக்குப் போன் போட்டு டாக்டரிடமே கொடுத்தாள். பேசி முடித்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜன் வைத்துப் பார்க்கலாம், நெஞ்சு தாங்க வேண்டும் என்றார். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த மனுஷன் பிழைத்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

மறுநாள் காலை அவருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கண்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் கணவரின் அக்கா வந்து சேர்ந்தாள். அந்த நாத்தனாரின் வாய்க்குத் தெருவே பயப்படும்.

"கொதிக்க வைக்கற புத்தியைச் சொன்னது யாரு? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆக்சிஜன் முகமூடி மாட்டிய மனுஷனால் பேச முடியவில்லை. ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கினார். தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள். "அறிவிருக்காடா உனக்கு? பெண்டாட்டி சொல்ற நல்லதைக் கேட்டிருந்தா இப்படிக் கிடப்பியா?" வீட்டில் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர், அத்தனைக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் போர்வையோடு சேர்த்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"நீ ஏன் அழற? தப்பு பண்ணது அவன்" என்று நாத்தனார் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.