சவ்வுக்கு அடியில்

பல் டாக்டரான தங்கை அக்காவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்வரிசையில் இரண்டு முன்பற்களைச் சுற்றி எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. போதாக்குறைக்கு அக்காவுக்குச் சர்க்கரை வேறு.

"பிடுங்கிடாதடி. இந்த வயசுல பொக்கை வாயோட எங்க போய் நிப்பேன்?"

"பிடுங்க மாட்டேன்க்கா. அந்தப் பள்ளத்துல எலும்புத் தூளை வெச்சு, மேல மெல்லிசா ஒரு சவ்வு போட்டு மூடிடுவேன். ஈறு உள்ளே இறங்காம சவ்வு பார்த்துக்கும். எலும்பு மெதுவா வளரும்."

சீழ் பிடித்துவிடுமோ என்ற பயம் தங்கைக்கு இருந்தது. மாத்திரையாகக் கொடுத்தால் மருந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுப் பல்லடிக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். அதனால் எலும்புத் தூளிலேயே ஆன்டிபயாடிக் பொடியைக் கலந்து, குழைத்து வைத்தாள். சவ்வையும் அதே மருந்தில் நனைத்துப் போர்த்தி, ஈறைத் தைத்தாள்.

துணிக்கடையில் தையல் வேலை பார்க்கும் அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னைவிட நெருக்கமா தைக்கிறியேடி. எங்க கடைக்கு வந்துடு" என்றாள்.

தையல் பிரித்த அன்று ஈறு அழகாக மூடியிருந்தது. கரு கலைந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த தங்கை, அன்று, "இனி வளர்ந்துடும்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதன்பிறகு அக்கா வரவில்லை. போன் செய்தால், கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்பாள். ஒருநாள் அக்கா மகள் அழைத்தாள்.

"சித்தி, அம்மா வாயிலேர்ந்து ஒரே நாத்தம். சோறு எறங்கல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மனசு கேக்கல."

தங்கை போட்டது போட்டபடி ஓடினாள். அக்காவின் மேலுதடு வீங்கியிருந்தது. ஈறு சுருங்கி, சவ்வின் ஓரம் சாம்பல் நிறத்தில் வெளியே தெரிந்தது. லேசாக அழுத்தியதும் சீழ் வந்தது.

"ஏன்க்கா மறைச்ச? அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேனே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "எத்தனை மாசத்துக்கு அப்புறம் சிரிச்ச... இதுவும் தங்கலைன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

தங்கை அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

கிளினிக்குக்கு அழைத்துப்போய்ச் சீழைக் கழுவினாள். சவ்வுக்கு அடியில் ஆன்டிபயாடிக் களிம்பைச் செலுத்தினாள். சில நாட்கள் வீக்கம் வடிவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி ஏறியது. கடைசியில் சவ்வை உரித்தெடுத்தாள். வைத்த தூள் ஈர மணலாகச் சீழோடு சரிந்து வந்தது. பற்கள் இரண்டும் விரலுக்கே ஆடின. அவள்தான் பிடுங்கினாள். அக்கா முனகக்கூட இல்லை. பஞ்சைக் கடித்தபடி தங்கையின் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை. தங்கை கையுறையைக் கழற்றாமலே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

புண் ஆறியதும் கட்டுப்பல் செய்துகொடுத்தாள். பேசும்போது அது நழுவியது. கடைக்குத் துணியளவு கொடுக்க வருகிறவர்களிடம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். கடை முதலாளி அவளைப் பின்கட்டில் பட்டன் தைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

"அங்க ஃபேன் நல்லா ஓடுதுடி" என்றாள் அக்கா.