இரட்டையர் ஆட்டம்

பச்சை விரிப்பின் கடைசி மடிப்பை முழங்காலிட்டு நீவிக்கொண்டிருந்தபோதுதான் அலுவலக உதவியாளர் அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, சீஃப் கெஸ்ட் போட்டோவப் பாருங்க. பெரிய கோச்சாம்." வாங்கிப் பார்த்தாள். முடி நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனாலும் அந்த நீண்ட கழுத்தும், யாரையோ சண்டைக்குக் கூப்பிடுவது போன்ற முகவாயும் அப்படியே இருந்தன. கையிலிருந்த டேப் சுருள் நழுவி, விரிப்பின் மேல் தன்பாட்டுக்கு உருண்டு போனது.

பல்கலைக்கழகத்தின் அந்த அரங்கில் தரை மேற்பார்வை அவளுடைய வேலை. திங்களன்று பட்டமளிப்பு விழா என்றால் இரண்டாயிரம் நாற்காலி; புதனன்று நுழைவுத் தேர்வு என்றால் மேசைகள்; வெள்ளியன்று இறகுப்பந்துப் போட்டி என்றால் எல்லாவற்றையும் வாரி ஏறக்கட்டிவிட்டு நான்கு ஆடுகளம். ஒரே தரைக்கு வாரத்தில் மூன்று வேஷம். பதினான்கு வருஷமாகப் பார்க்கிறாள். எந்த விழாவானாலும் கடைசிவரை நிற்பவள், இறகுப்பந்து நாட்களில் மட்டும் களத்தை அமைத்துக் கொடுத்த கையோடு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போய்விடுவாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் படத்திலிருந்தவளும் இவளும் ஒரே கல்லூரி. ஆறடியை எட்டப் பார்த்த அவள் நெட்டை, இவள் குட்டை. இரட்டையர் ஆட்டத்தில் பின்னாலிருந்து அவள் அடித்து நொறுக்குவாள், வலையோரம் இவள் தட்டிப் போடுவாள். மூன்று வருஷம் தோற்றதில்லை. தேசியப் பயிற்சி முகாமுக்கு இருவருக்கும் சேர்த்தே அழைப்பு வந்தது. காலை ஆறு மணி ரயில். நெட்டை இரண்டு டிக்கெட்டோடு ஸ்டேஷனில் நின்றாள். இவள் வீட்டிலோ முந்தின நாள்தான் பேசி முடித்திருந்தார்கள். பத்தாம் நாள் கல்யாணம். "ஆட்டமெல்லாம் போதும்" என்றார் அப்பா. பயணப் பையைத் திறந்து, உள்ளே இருந்த துணிகளை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். இவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கட்டிக்கொண்டவர் நல்லவர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் குறுகலான சமையலறையில் அவரும் இவளும் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் போதெல்லாம் நெட்டையின் ஞாபகம் வந்துவிடும். மூன்று வருஷம் ஒரே களத்தில் ஆடியும் அவளோடு ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை.

போட்டியின் தொடக்க விழாவன்று காலை, கையில் துடைப்பானோடு பார்வையாளர் படிக்கட்டின் பின்னால் ஒதுங்கி நின்றாள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நழுவிவிடுவதாகத்தான் எண்ணம். நெட்டை வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். முழங்காலில் ஏதோ அறுவை சிகிச்சை ஆகியிருக்க வேண்டும். நாலு வார்த்தை பேசி விழாவைத் தொடங்கி வைத்தாள். மேடையிலிருந்து இறங்கியவள் இருக்கைக்குப் போகாமல் களத்துக்குள் வந்து, ஷூ நுனியால் விரிப்பை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

"யாரு விரிச்சது இதை? ஒரு சுருக்கம்கூட இல்லையே."

"நம்ம அக்காதான் மேடம்" என்று படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டார் உதவியாளர்.

ஒளிய இடமில்லை. நெட்டை வந்து எதிரே நின்றாள்.

"ரெண்டு வண்டிய விட்டேன்டி" என்றாள். "உனக்கு பஸ் கிடைச்சிருக்காது, நீ எப்படியும் வந்துடுவேன்னு."

இவள் சொன்னாள், "கல்யாணம் பேசிட்டாங்க."

"தெரியும். யார் யாரோ சொன்னாங்க. நீ சொல்லலையே. ஒரு லெட்டர் போட்டிருக்கக் கூடாதா?"

"எழுதினேன். நாலு தடவை எழுதினேன்."

"போடலையே."

"போடல. 'வேற ஆளச் சேத்துக்கோ'ன்னு எழுதற இடம் வந்ததும் கை ஓடல."

நெட்டை வேறு பக்கம் பார்த்தாள். "சேத்துக்கிட்டேன். அப்புறம் ஆடின பதினோரு வருஷத்துல எத்தனையோ பேரு. எல்லார்கூடவும் பந்து வந்தா 'எனக்கு', 'உனக்கு'ன்னு கத்திக்கிட்டேதான் ஆடினேன். கத்தாம ஆடினது உன்கூட மட்டும்தான்."

இவள் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி சிறப்பு விருந்தினரை இருக்கைக்கு அழைத்தது.

"மூணு மணி வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் காலைச் சாய்த்தபடி களத்தைக் கடந்து போனாள்.

எதிர்ப்பக்க முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கோட் போட்ட ஒருவர் உட்காரப் போனார். நெட்டை அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார். கை அங்கேயே இருந்தது. இந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவே முதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. நான்கு பெண்கள். ஆட்டம் நடக்கையில் குறுக்கே போகக் கூடாது என்று இந்த அரங்கில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, களத்தின் ஓரம்வரை வந்து, பந்து விழுந்ததும் கடந்துவிடலாம் என்று நின்றாள். பந்து வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது, கீழே விழவில்லை.